பொங்கலுக்கு இஞ்சி பீர்: பட்டை, கிராம்பு, வெட்டிவேர் எல்லாம் எப்ப போடணும், எவ்ளோ போடணும்

முதல்லயே சொல்லிடறேன், இது சாராயம் காய்ச்சற சமாச்சாரம் இல்ல. தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்புலதான் இருக்கு, லைசென்ஸ் இல்லாம வீட்டுல மால்ட், அதாவது முளைகட்டிக் காயவச்ச பார்லி, வேகவச்சு பீர் போட்டா கேஸுதான், சும்மா பொழுதுபோக்குக்குப் பண்ணேன் சார்னு சொன்னா ஸ்டேஷன்ல யாரும் கேக்க மாட்டாங்க. நான் சொல்லப் போறது இஞ்சி பீர். பேர்ல பீர் இருக்கே தவிர இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சம்பழம், தண்ணி, அவ்ளோதான், தானா புளிச்சு கேஸ் ஏறி சோடா மாதிரி வரும். பேரைக் கேட்டுட்டு எங்க பெரியப்பா முறைச்சாரு, மாட்டுப்பொங்கல் அன்னிக்கு சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டாவது டம்ளர் கேட்டதும் அவருதான்.

ஆனா ஒண்ணு, புளிக்கறதுன்னா கொஞ்சூண்டு ஆல்கஹால் வரத்தான் செய்யும். சீக்கிரம் ஃப்ரிட்ஜுல வச்சு சீக்கிரம் குடிச்சிட்டா ரொம்பக் கம்மி, வெளியில நாலஞ்சு நாள் விட்டா ஏறிக்கிட்டே போகும். அதனால கர்ப்பமா இருக்கறவங்க, சின்னப் பசங்க, விரதக்காரங்க, இதெல்லாம் தொடவே கூடாதுன்னு நினைக்கறவங்க, இவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, சொல்லாம ஊத்திக் குடுக்கறது தப்பு.

இஞ்சி பீர் செய்யறது எப்படின்னு நிறைய பேருக்குத் தெரியும். மசாலா சேர்க்கறப்பதான் கெடுக்கறாங்க. பிரியாணிக்குத் தாளிக்கற பழக்கத்துல பட்டை கிராம்பு ஏலக்காயை முதல் கொதியிலேயே கைக்கு வந்த அளவு அள்ளிப் போட்டுடறோம். அங்க எண்ணெய் இருக்கு, தேங்காய் இருக்கு, கறி இருக்கு, எல்லாம் சேர்ந்து மசாலாவை அடக்கிடும். இங்க வெறும் தண்ணி, அடக்க ஒண்ணும் கிடையாது. அதோட இன்னொண்ணு, புளிக்கற நாள்ல ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுடும், இனிப்பு குறையும், இனிப்பு குறையக் குறைய கிராம்போட காரலும் பட்டையோட துவர்ப்பும் தலைதூக்கும். காலையில நல்லா இருந்தது ரெண்டு நாள் கழிச்சு வாயில வைக்க முடியாம போறது இதனாலதான்.

சரி, அடிப்படை வேலையை வேகமா சொல்லிடறேன். முதல்ல இஞ்சி ஊறல். ஒரு கண்ணாடி பாட்டில்ல ரெண்டு டம்ளர் தண்ணி, தோலோட துருவின இஞ்சி ரெண்டு டேபிள்ஸ்பூன், சர்க்கரை ரெண்டு டேபிள்ஸ்பூன், கலக்கி மேல துணி கட்டி வச்சிடுங்க. தினம் ஒரு ஸ்பூன் இஞ்சி ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கணும். வெயில் காலத்துல மூணு நாலு நாள்ல நுரை தட்டும், மார்கழிக் குளிர்ல ஒரு வாரம் கூட ஆகும். தோலை சீவிடாதீங்க, ஈஸ்ட் இருக்கறது அந்தத் தோல்லதான். கூட்டுக் குடிநீர் வர்ற வீடா இருந்தா குளோரின் வாசனை போற வரைக்கும் தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற விட்டு எடுத்துக்குங்க, இல்லன்னா அந்த ஈஸ்டை நீங்களே கொன்னுடுவீங்க. ஊறல்ல பச்சை, கருப்பு, ரோஸ் கலர்ல பூஞ்சை வந்தா யோசிக்காம மொத்தமா கொட்டிடுங்க, மேலாப்ல எடுத்துட்டு யூஸ் பண்ணலாம்னு நினைக்காதீங்க.

ஊறல் கலக்கறப்ப புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சுன்னா தயார். இப்ப ரெண்டு லிட்டருக்குக் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணியில 120 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டு கால் மணி நேரம் கொதிக்க விடுங்க, 100 கிராம் சர்க்கரை 100 கிராம் வெல்லம் போட்டுக் கரைச்சு வடிகட்டி, மீதி ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியை ஊத்துங்க, சீக்கிரம் ஆறிடும். பாபநாசம் பக்கம் வீரமாங்குடி அச்சு வெல்லம் கிடைச்சா நல்லது, எந்த வெல்லமா இருந்தாலும் பளிச்சுன்னு மஞ்சளா மினுக்கறதை விட்டுட்டு கொஞ்சம் கருத்ததா பாத்து வாங்குங்க. முழுக்க வெல்லமே போட்டா அதோட வாசனை மத்த எல்லாத்தையும் மூடிடும், அதான் பாதிப் பாதி. கை வச்சா சூடே தெரியக் கூடாது, அப்பதான் ரெண்டு எலுமிச்சம்பழச் சாறும், வடிகட்டின ஊறல் அரை டம்ளரும் சேர்க்கணும். சூடா இருக்கறப்ப ஊத்தினா கதை முடிஞ்சுது.

இதை ஒரு ஜாடியில ஊத்தித் துணி கட்டி ஒரு நாள், குளிர்னா ஒன்றரை நாள் வைக்கணும். இது வரைக்கும் மசாலா எதுவும் போடக் கூடாது. ஏன்னு கேட்டா, திறந்த ஜாடியில கேஸ் வெளியேறிக்கிட்டே இருக்கும், அது போற வழியில ஏலக்காய் வாசனை, நார்த்தங்காய்த் தோல் வாசனை எல்லாத்தையும் கூடவே கூட்டிட்டுப் போயிடும், வீடு பூரா மணக்கும், பாட்டில்ல ஒண்ணும் இருக்காது. அது மட்டுமில்ல, கிராம்பும் பட்டையும் கிருமியை அடக்கற சரக்கு, ஊறல் வேகம் பிடிக்கறதுக்கு முன்னாடியே நிறையப் போட்டா ஈஸ்ட் மந்தமாயிடும். அதனால ஜாடியில நுரை வந்தப்பறம், பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி, அந்த நேரத்துலதான் மசாலா.

எப்படிப் போடறதுன்னா, கஷாயமா. தனியா ஒரு சின்னப் பாத்திரத்துல ஒரு டம்ளர் தண்ணி வச்சு, தட்டின மசாலாவைப் போட்டு சின்னத் தீயில அஞ்சு நிமிஷம், அடுப்பை அணைச்சு மூடி போட்டு இருபது நிமிஷம், அப்பறம் வெள்ளைத் துணியில வடிகட்டி நல்லா ஆற விடணும். மூடி போடறது முக்கியம், மூடியில வேர்த்து நிக்குதே அந்தத் தண்ணியை மோந்து பாருங்க, வாசனை அதுலதான் இருக்கும், அதையும் உள்ளயே தட்டி விட்டுடுங்க.

இப்பதான் நிஜமான வேலை. நாலு எவர்சில்வர் டம்ளர் எடுத்து ஒவ்வொண்ணுலயும் ஜாடியில இருக்கற இஞ்சி பீரை 100 மில்லி ஊத்திக்குங்க. குழந்தை மருந்தோட வர்ற ஃபில்லர் வீட்டுல எங்கயாவது கிடக்கும், அதை எடுத்து கஷாயத்தை ரெண்டாவது டம்ளர்ல 1 மில்லி, மூணாவதுல 2, நாலாவதுல 3, முதல் டம்ளர் சும்மா. நாலையும் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜுல வச்சுட்டுக் குடிச்சுப் பாருங்க, ஏன்னா ஜில்லுன்னு இருக்கறப்ப வாசனை அடங்கும், குடிக்கப் போறதும் ஜில்லுன்னுதானே. ஒரு வாய் குடிச்சுட்டு நடுவுல கொஞ்சம் பொரி வாயில போட்டுக்குங்க, இல்லன்னா மூணாவது டம்ளர்ல நாக்கு மரத்துடும். 2 மில்லி டம்ளர் பிடிச்சுதா, ரெண்டு லிட்டருக்கு இருபது மடங்கு, 40 மில்லி கஷாயம். ரெண்டு டம்ளருக்கு நடுவுல குழப்பமா இருந்தா கம்மியா இருக்கற பக்கமே போங்க, பாட்டில்ல இனிப்பு இன்னும் குறையும், மசாலா இன்னும் எடுப்பா தெரியும். பத்தலன்னா குடிக்கறப்ப டம்ளர்ல ரெண்டு சொட்டு விட்டுக்கலாம், மிச்சக் கஷாயம் ஃப்ரிட்ஜுல இருக்குல்ல. அதிகமா போயிட்டா எடுக்க வழியே கிடையாது.

இனி ஒவ்வொரு சரக்கா. எல்லாமே நாட்டு மருந்துக் கடையில வாங்குங்க, சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டை விட வேகமா விக்கும், புதுசா இருக்கும், கும்பகோணம் பெரிய கடைத் தெரு பக்கம் போனா ஒரே கடையில எல்லாம் முடிஞ்சிடும். பொடி மட்டும் வாங்காதீங்க. பொடி எவ்ளோ வடிகட்டினாலும் துகள் தங்கும், கேஸ் ஏறின பாட்டில்ல துகள் இருந்தா மூடியைத் திறந்ததும் ஒவ்வொரு துகள்லயும் நுரை கிளம்பி பாதி பாட்டில் சுவத்துலதான் இருக்கும். கீழ சொல்ற அளவெல்லாம் ஒரு டம்ளர் கஷாயத்துக்கு.

கிராம்பு ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு. டொரண்டோல இருக்கற என் மச்சினன் அங்க வீட்டுலயே பீர் போடறவன், அங்க சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கலாம், கிறிஸ்மஸுக்குன்னு ஒரு தடவை கிராம்பை அள்ளிப் போட்டுட்டு ஃபோன் பண்ணான், "அத்தான், மொத்த பீரும் பல் டாக்டர் ரூம் வாசனை அடிக்குது அத்தான்"ன்னு. அடிக்காம என்ன செய்யும், பல் டாக்டர் வைக்கறதும் இதே கிராம்பு எண்ணெய்தான், யூஜினால்னு பேரு.

பட்டை, நம்ம கடையில கிடைக்கறது பெரும்பாலும் தடிச்ச பட்டை, காரம் ஜாஸ்தி, ஒரு விரல் கணு அளவு போதும், ரொம்ப நேரம் கொதிக்க விட்டா கொழகொழன்னு ஆயிடும். இலங்கைப் பட்டைன்னு மெல்லிசா சுருள் சுருளா வரும், கையில உடைச்சா நொறுங்கும், அது கிடைச்சா ரெண்டு கணு போடலாம், வாசனை மென்மையா இருக்கும்.

ஏலக்காய் நாலு, தட்டி, தீயை அணைச்சப்பறம்தான் போடணும். ஜாதிக்காய் துருவுற பலகையில ரெண்டே இழுப்பு, அதுக்கு மேல போகாதீங்க, அது மருந்து. அன்னாசிப்பூ முழுசா வேணாம், ரெண்டு இதழ் உடைச்சுப் போட்டாலே சோம்பு வாசனை தூக்கும். மிளகு பத்து, ஒண்ணு ரெண்டா உடைச்சு. மிளகை விட எனக்குத் திப்பிலி பிடிக்கும், ரெண்டு திப்பிலி தட்டிப் போட்டா காரம் தொண்டையில மெதுவா வந்து நிக்கும், ஓரத்துல ஒரு இனிப்பும் இருக்கும். சுக்கு ஒரு சின்னத் துண்டு போடலாம், பச்சை இஞ்சி காயறப்ப அதுல இருக்கற காரச் சத்து மாறி இன்னும் உக்கிரமாகும், அதனால இஞ்சியே இருக்கறப்ப சுக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, ரெண்டும் வேற வேற இடத்துல எரியும்.

கொத்தமல்லி விதை ஒரு ஸ்பூன், வறுக்காம லேசா நசுக்கி. வறுத்தா ரசம் ஞாபகம் வந்துடும். வறுக்காத விதையில ஒரு எலுமிச்சை வாசனை இருக்கும், பெல்ஜியத்துல கோதுமை பீருக்குக் கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும்தான் காலங்காலமா போடறாங்க. ஆரஞ்சுக்குப் பதிலா நமக்கு நார்த்தங்காய் இருக்கு. அரைக் காயோட மேல் பச்சையை மட்டும் மெல்லிசா சீவி எடுங்க, வெள்ளைப் பகுதி வந்துச்சுன்னா கசக்கும். தீயை அணைச்சுட்டுப் போட்டு மூடுங்க. கொத்தமல்லி, நார்த்தங்காய்த் தோல், ஏலக்காய், இந்த மூணு மட்டும் போட்ட பாட்டில்தான் எங்க வீட்டுல முதல்ல காலியாகும், கிராம்பு பட்டை போட்டது ரெண்டாவதுதான்.

அதிமதுரம் பத்தித் தனியா சொல்லணும். சர்க்கரையை ஈஸ்ட் தின்னுடும், அதிமதுர இனிப்பை அதால தின்ன முடியாது. அதனால புளிச்சப்பறமும் ஒரு இனிப்பு மிஞ்சணும்னா விரல் நீளத் துண்டு ஒண்ணு நசுக்கிக் கஷாயத்துல போடலாம். பிரஷர் இருக்கறவங்களுக்கு இது வேணாம், அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏத்தும்.

வெட்டிவேரும் நன்னாரியும் கொதிக்கவே கூடாது. சுண்டுவிரல் கனம் வெட்டிவேரை மண் போக நாலஞ்சு தடவை அலசி, கொதிச்சு ஆறின தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கஷாயத்துக்குப் பதிலா எடுத்துக்குங்க. கொதிக்க வச்சா மண் வாசனை போய் மரக்கடை வாசனை வரும். நன்னாரி வேரை நசுக்கி, நடுவுல இருக்கற கட்டையை எடுத்துட்டு, பட்டையை மட்டும் சுடுதண்ணியில அரை மணி நேரம் போடுங்க, வனிலா சாயல்ல ஒரு மணம் வரும். இந்த ரெண்டும் கிராம்பு பட்டையோட சேராது, கிராம்பு பக்கத்துல வந்தா வெட்டிவேர் இருக்கற இடமே தெரியாது. ஒரு பாட்டிலுக்கு மூணு சரக்குக்கு மேல வேணாம்னு நான் சொல்றதும் அதுக்குத்தான், எல்லாத்தையும் போட்டா எல்லா வீட்டுலயும் ஒரே கரம் மசாலா வாசனைதான் வரும்.

மஞ்சக்கொத்து இஞ்சிக்கொத்துன்னு பொங்கப் பானையில கட்டறோமே, அந்த இளம் இஞ்சியை என்ன பண்றதுன்னு கேப்பாங்க. காரம் கம்மி, ஆனா வாசனை பிரமாதம். பொங்கல் முடிஞ்சு அதைத் துருவி ஊறலுக்குப் போடுங்க, அடுத்த ரவுண்டுக்கு ஆகும். மஞ்சள் இலையைக் கிள்ளிக் கஷாயம் அணைச்சப்பறம் ஒரு துண்டு போட்டா கொழுக்கட்டை வேகவச்ச மாதிரி ஒரு மணம், எல்லாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

பாட்டிலுக்கு வருவோம். காலி சோடா, கூல்ட்ரிங்ஸ் ப்ளாஸ்டிக் பாட்டில் மட்டும்தான். தண்ணி பாட்டில் மெல்லிசு, கேஸ் தாங்காது. கண்ணாடி வேணவே வேணாம், பழைய ஜூஸ் பாட்டில், சாஸ் பாட்டில் எதுவா இருந்தாலும் வேணாம், கேஸ் ஏறினா வெடிக்கும், வெடிச்சா சில்லு கண்ணுக்குத்தான் வரும். ப்ளாஸ்டிக்ல இன்னொரு வசதி, அமுக்கிப் பாத்தா தெரியும். ஊத்தறப்ப ரெண்டு இஞ்ச் இடம் விட்டு மூடுங்க, முதல் நாள் விரலுக்குக் குழையும், கல்லு மாதிரி இறுகினதும் உடனே ஃப்ரிட்ஜ். தை மாசக் குளிர்ல ஒன்றரை நாள்லேர்ந்து ரெண்டு நாள், சித்திரை வெயில்ல பத்து பன்னெண்டு மணி நேரத்துலயே ஆயிடும், அதனால வெயில் காலத்துல பாட்டிலை அடைச்சுட்டு ஊருக்குப் போகாதீங்க. போகி அன்னிக்குக் காலையில அடைச்சா மாட்டுப்பொங்கல் மதியத்துக்குச் சரியா இருக்கும், பொங்கல் ராத்திரி ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். திறக்கறப்ப நல்லா ஜில்லுன்னு ஆனப்பறம், வாஷ்பேசின்ல வச்சு, மூடியைக் கொஞ்சம் திருகி கேஸை விட்டு மறுபடி மூடி, அப்படி ரெண்டு மூணு தடவை பண்ணித் திறங்க. ஒரு வாரத்துக்குள்ள குடிச்சு முடிங்க.

வெளிநாட்டுல இருக்கறவங்க, நிஜ பீர் போடறவங்க, உங்களுக்கும் கணக்கு இதேதான், அளவுதான் வேற. வழக்கமா 19 லிட்டர் போடுவீங்க. கொத்தமல்லி 15 கிராம்ல ஆரம்பிங்க, ஆரஞ்சுத் தோல் அதே அளவு, பட்டை ஒரு குச்சி, கிராம்பு நாலு, ஏலக்காய் ஆறு, கொதி முடிய அஞ்சு நிமிஷம் இருக்கறப்பதான் போடணும், மொத்தமும் ஒண்ணா போடாம இதுல ரெண்டு மூணு தேர்ந்தெடுங்க. இல்லன்னா கஷாயத்துக்குப் பதிலா வோட்காவுல மசாலாவை நாலஞ்சு நாள் ஊற வச்சு வடிகட்டி, பீர் புளிச்சு அடங்கினப்பறம் அதே டம்ளர் டெஸ்ட் பண்ணுங்க. 100 மில்லிக்கு அரை மில்லி பிடிச்சா 19 லிட்டருக்கு 95 மில்லி. ஹாப்ஸை, அதான் பீருக்குக் கசப்பு குடுக்கற பூ, கொஞ்சம் குறைச்சுக்குங்க, மசாலாவே கசப்பும் துவர்ப்பும் கொண்டு வரும், ரெண்டு கசப்பு சேர்ந்தா தாங்காது. கோதுமை பீர் ஈஸ்ட் சிலது தானாவே கிராம்பு வாசனை விடும், அதுல போய் மறுபடி கிராம்பு போடாதீங்க. கருப்பு மால்ட் பீர்னா திப்பிலியும் நன்னாரியும் போட்டுப் பாருங்க, அங்க இருக்கற நண்பர்கள் இது என்னன்னு கண்டுபிடிக்க மாட்டாங்க. ஜெர்மன்காரங்க யாராவது பக்கத்து வீட்டுல இருந்தா மட்டும் சொல்லிட்டுக் குடுங்க, 1516-ல பவேரியாவுல தண்ணி, பார்லி, ஹாப்ஸ் தவிர பீர்ல வேற எதுவும் சேரக் கூடாதுன்னு சட்டம் போட்ட பரம்பரை.

மிச்சம் இருக்கற ஊறலைக் கொட்ட வேணாம். ஃப்ரிட்ஜுல வச்சு வாரம் ஒரு தடவை ஒரு ஸ்பூன் இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டா கிடக்கும். மறுபடி வேணுங்கறப்ப ரெண்டு நாள் முன்னாடி வெளியில எடுத்து வச்சு தினம் தீனி போடுங்க, நுரை வந்ததும் வேலையை ஆரம்பிச்சிடலாம். ஊறல் பாட்டில்ல மட்டும் மசாலா எதுவும் போட்டுடாதீங்க.